முப்பது டிகிரி என்று எழுதிவைத்தேன்

பன்னிரண்டு ஜங்ஷனும் ஓப்பன் என்று ஆராய்ச்சி மாணவி யாமினி போட்ட செய்தியைப் புனே ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு படித்தேன். மகளை அங்கே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்த்து, அறை பார்த்து, பக்கெட்டும் இண்டக்‌ஷன் அடுப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தில்லிக்குத் திரும்பும் நாள் அது. செய்தி எனக்கென்று வரவில்லை. எங்கள் ஆய்வு நிலையத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் பொதுவாக வந்திருந்தது. ஓப்பன் என்றால் உள்ளே இணைப்பு விழவில்லை, கரண்ட் போகாது, அந்தச் சில்லு செத்துவிட்டது என்று அர்த்தம்.

படித்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை. நான் ஆறு நாள் இல்லையென்றால் இதுதான் கதி என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்தான் வந்தது. பிளாட்பாரத்தில் வாங்கிய டீயைக் குடித்து முடிக்கும்வரை அது இருந்தது. அந்தப் பன்னிரண்டும் ஏன் செத்தன என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

புதிதாகச் சேரும் டெக்னிக்கல் ஆட்களுக்காக உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தேன். நன்றாக மழுப்ப வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் எழுதுகிறேன். தில்லியில் தமிழில் எழுதினால் யாரம்மா படிப்பார்கள் என்று என் மகள் போனில் சிரித்தாள். ஒருத்தி படிப்பாள், எனக்கு அது போதும்.

1. எங்கள் கூடம்

ஒரு மத்திய அரசு ஆய்வு நிலையத்துக்குள் இருக்கும் பொது நானோ ஃபேப்ரிகேஷன் கூடம் எங்களுடையது. ஒரு தலைமுடியின் கனத்தை ஆயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவு வருமோ, அந்த அளவில் இங்கே கோடு போடுவோம், உலோகம் படிய வைப்போம். இந்த மெஷின்களை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாக வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரே இடத்தில் வாங்கி வைத்து, எல்லோரும் வந்து செய்துகொண்டு போங்கள் என்று விட்டிருக்கிறார்கள். குவாண்டம் கம்ப்யூட்டர் என்று நாடு முழுக்கப் பேச்சு கிளம்பிய பிறகு எங்களிடம் கூட்டம் நெரிகிறது. கவுஹாத்தியிலிருந்தும் போபாலிலிருந்தும் ஆராய்ச்சி மாணவர்கள் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் சில்லுகளை வைத்துக்கொண்டு வருவார்கள். ஆன்லைனில் ஸ்லாட் போட்டு, கிளீன் ரூம் உடுப்புப் போட்டு, கண் மட்டும் தெரிய உள்ளே வருவார்கள்.

நவம்பர் மாதத்தில் எங்கள் கட்டடத்துக்கு வெளியே நின்றால் கண் எரியும். உள்ளே ஒரு தூசு விழக்கூடாது. காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி இருக்கும். தில்லியில் கிளீன் ரூம் நடத்துவது என்றால் இதுதான்.

இந்தக் கூடத்தில் இரண்டு மெஷின்கள்தான் இந்தக் கதைக்கு வேண்டும். ஒன்று ஈ-பீம். சில்லின் மேல் தடவிய ரெசிஸ்ட் என்ற மெழுகு போன்ற பூச்சில் எலக்ட்ரான் கற்றையால் வடிவம் எழுதும். அது ஜெயந்தியின் மெஷின். இன்னொன்று எவாப்பரேட்டர். காற்றே இல்லாத ஒரு தொட்டிக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி அந்த வடிவத்தின் மேல் படிய வைக்கும். அது என் மெஷின்.

ஜங்ஷன் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரெசிஸ்ட்டில் ஒரு பொடிப் பாலம் மாதிரி விட்டு எழுதியிருப்பாள் ஜெயந்தி. நான் சில்லை ஒரு பக்கம் சாய்த்து முதல் அலுமினிய அடுக்கைப் போடுவேன். கொஞ்சம் ஆக்ஸிஜன் விட்டு அதன் மேல் ஓர் ஆடை படிய விடுவேன். பிறகு மறுபக்கம் சாய்த்து இரண்டாவது அடுக்கு. ஜன்னல் கம்பியின் நிழல் காலையில் ஒரு பக்கமும் சாயங்காலம் மறுபக்கமும் விழும் அல்லவா, அதே கணக்கு. இரண்டு அடுக்கும் பாலத்துக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் அந்த இடம்தான் ஜங்ஷன். சாய்வு குறைந்தால் ஏறாது. ஓப்பன்.

2. டெபொசிஷன் டீம்

ஜெயந்தியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே கிரேடு, ஒரே டிப்ளமோ. அவள் கோயம்புத்தூர்ப் பக்கம், குவார்ட்டர்ஸ் லக்ஷ்மிபாய் நகரில். நான் திருநெல்வேலி, ஆர்.கே.புரம் செக்டாரில் இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே டேபிளில் டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறோம். அவள் என்னை 'நீங்க' என்பாள், நான் அவளை 'நீ' என்பேன். அவள் ஊர் மரியாதை அப்படி. அந்த மரியாதையே எனக்கு எரிச்சலாக இருந்த நாள்கள் உண்டு.

யூசர்கள் எல்லோருக்கும் ஜெயந்திதான். "ஜெயந்தி மேம் எழுதினால் வரும், கைராசி" என்பார்கள். ஹிந்திக்காரப் பையன்கள்கூட அந்தக் கைராசி என்ற சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். தீபாவளிக்கு அவள் மேசையில் நாலு ஸ்வீட் டப்பா இருக்கும், என் மேசையில் கேன்டீன் காரன் கொடுத்த ஒன்று இருக்கும். ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்வார்கள். ஜெயந்தியின் பெயர் முழுதாக இருக்கும். பக்கத்தில் 'மற்றும் டெபொசிஷன் டீமுக்கு நன்றி' என்று இருக்கும். டெபொசிஷன் டீம் என்பது நான் ஒருத்திதான்.

இதைப் படிக்கிறவர்கள், இந்த வயதில் இப்படி ஒரு பொறாமையா என்று நினைக்கலாம். ஆமாம், பொறாமைதான். வயிறு எரியும். அவள் எழுதிய வடிவத்தில் நான் உலோகம் போடவில்லை என்றால் அது வெறும் மெழுகு. இது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா என்று தோன்றும்.

யாமினி விஷயம் இன்னும் மோசம். அவள் தில்லியில் பிறந்த தமிழ்ப் பெண். அப்பா அரசாங்க வேலை, வளர்ந்தது மோதி பாக் குவார்ட்டர்ஸில். வேறு மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் கூடத்துக்கு வரும்போது அப்பா அம்மாவோடு தங்குவாள். தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் நல்ல உழைப்பாளி, தன் ஸ்லாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பாள். அவள் ஜெயந்தியை 'ஜெயந்தி ஆன்ட்டி' என்று கூப்பிடுவாள். என்னை 'மேடம்' என்பாள். இருவரும் அவளுக்கு ஒரே நாளில்தான் அறிமுகமானோம்.

3. மோட்டார் மாற்றிய பிறகு

ஒரு கோடையில் எவாப்பரேட்டரின் சாய்வு மேடையை ஓட்டும் மோட்டார் போய்விட்டது. கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர் வந்து புது மோட்டார் போட்டார். கோணத்தைச் சரிபார்க்கும் ஜிக் ஒன்று உண்டு. அதை அவர் எடுத்துவரவில்லை. அடுத்த விசிட்டில் பார்த்துக்கொள்ளலாம் மேடம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு சில்லுகள் கெட ஆரம்பித்தன. நான் ஓட்டினாலும் கெட்டது, பயிற்சி எடுத்த யூசர்கள் தாங்களாக ஓட்டினாலும் கெட்டது. நான் வேண்டாத சில்லுத் துண்டுகளை வைத்து ஒரு வாரம் சோதித்தேன். மைக்ராஸ்கோப்பில் நிழலின் நீளத்தை அளந்து பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. புது மோட்டாரின் பல்சக்கர விகிதம் வேறு. திரையில் முப்பது டிகிரி என்று காட்டினால் மேடை நிஜத்தில் இருபத்தேழுதான் சாய்கிறது. அப்படியானால் முப்பது வேண்டும் என்றால் முப்பத்து மூன்று புள்ளி மூன்று அடிக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவள் நான். ஒரு பி.எச்டி.யும் கூட இல்லாமல், ஒரு சர்வீஸ் இன்ஜினியரும் இல்லாமல் கண்டுபிடித்தேன். அன்றைக்கே லாக் புக்கில் எழுதி, மெஷினுக்கு மேல் ஒரு தாள் ஒட்டி, செய்முறைக் குறிப்பில் சேர்த்திருக்க வேண்டும். எஸ்.ஓ.பி. என்று நாங்கள் சொல்வது அதைத்தான். எழுதத்தான் நினைத்தேன். அன்றைக்கு ஒரு யூசருக்கு நான் ஓட்டிக் கொடுத்தேன், நன்றாக வந்தது. மறுநாள் இன்னொருவர் தானே ஓட்டினார், கெட்டது. மூன்றாம் நாள் அவர் என்னைத் தேடி வந்து, "தனம் மேம், நீங்களே ஓட்டிக் குடுங்க ப்ளீஸ், உங்க கையில்தான் வருது" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் இருபது வருடம் காத்திருந்தேன். எழுதுவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். நாளை வந்தது, வாரம் போனது, எட்டு மாதம் ஓடிவிட்டது.

மெஷினில் சேமித்துவைத்த ரெசிபியில் முப்பது என்றே இருக்கும். யாராவது பக்கத்தில் நின்றால் ஆக்ஸிஜன் சிலிண்டரின் அளவைப் பார்த்து வரச் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த நேரத்தில் மேனுவல் ஸ்கிரீனுக்குப் போய் முப்பத்து மூன்று புள்ளி மூன்று அடிப்பேன். லாக் புக்கில் முப்பது என்று எழுதுவேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில்லு நிஜத்தில் சாய்ந்தது முப்பதுதானே. இப்படி ஒரு நியாயம் எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் தோன்றும்.

புக்கிங் பக்கத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் 'ஆபரேட்டர்: தனம் மேம் மட்டும்' என்று போட ஆரம்பித்தார்கள். நான் அதை வீட்டில் போனில் திறந்து திறந்து பார்ப்பேன். ஜெயந்தி ஒருநாள் சாப்பிடும்போது, "உங்களுக்குத்தானுங்க இப்ப கிராக்கி" என்று சிரித்தாள். அதில் துளி பொறாமை இல்லை. அவளுக்குப் பொறாமை வரவில்லையே என்று அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

4. ஆறு நாள் லீவு

புனே போக லீவு எழுதிக் கொடுத்தபோது, அந்த வாரம் எவாப்பரேட்டரை ஜெயந்தி பார்த்துக்கொள்ளட்டும் என்று எங்கள் கூடத்தின் தலைவர் பண்டாரி சார் சொன்னார். அந்த வாரம் யாமினியின் ஸ்லாட் இருந்தது.

யாமினியின் நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும். அவளிடம் இருந்தது மூன்றே சில்லுகள். ஜங்ஷன் தவிர மற்ற எல்லா வேலையும் முடித்து, வெளிநாட்டில் ஒரு கூட்டாளி ஆய்வகம் கொடுத்தவை. ஒன்று பயிற்சியில் போய்விட்டது. மீதி இரண்டு. அவற்றை ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் அளக்க முடியும். எங்கள் ஃப்ரிட்ஜ் என்பது பால் வைக்கிறது இல்லை, விண்வெளியைவிடக் குளிராக்கும் மெஷின். அது வேறு ஊரில் இருக்கிறது, அதற்கும் வரிசை. அவள் முறை அடுத்த வாரம் வருகிறது, தவறினால் ஐந்து மாதம் கழித்து. அதற்குள் அவளுடைய ஃபெல்லோஷிப் காலம் முடிந்துவிடும். அந்தச் சில்லு வராவிட்டால் மூன்று வருட வேலைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

கிளம்பும் நாள் மத்தியானம் நான் பையைத் தூக்கிக்கொண்டு கேட் பக்கம் நடந்தேன். ஜெயந்தி பின்னாலேயே வந்தாள்.

"ஏனுங்க தனம், உங்க மெஷின்ல நான் தெரிஞ்சுக்கோணும்னு எதாச்சும் இருக்குதுங்களா?"

ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஜல்தி ஜல்தி என்றார். ஒரு வரி போதும். முப்பத்து மூன்று புள்ளி மூன்று அடி என்று சொல்ல மூன்று விநாடி ஆகாது.

"எல்லாம் ரெசிபியிலயே இருக்கு, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். நான் மறக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். யாமினியின் சில்லு கெட வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. ஜெயந்தி ஒருமுறை, ஒரே ஒருமுறை, தோற்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது உறைக்கவில்லை. உறைக்கவிடவில்லை என்பதுதான் சரி.

5. பாலத்தைக் குறுக்குவது

நான் திரும்பி வந்தபோது ஜெயந்தி தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஈ-பீமில் தான் எழுதியதில்தான் பிழை என்று முடிவுகட்டி, இரண்டு நாள் மெஷினை நிறுத்தி, மூன்று பேருடைய ஸ்லாட்டை ரத்து செய்து சோதனை போட்டிருக்கிறாள். தன் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. இத்தனை வருடத்தில் அவள் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் நாள் அது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

கூடத்துக்கு வெளியே பெஞ்சில் யாமினி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கடைசிச் சில்லு இருக்கும் டப்பா. என்னைப் பார்த்ததும் எழுந்து, "மேடம், நீங்க வந்துட்டீங்க, அச்சா ஹுவா" என்றாள். அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு ஒரு திட்டம் தோன்றியது. கடைசிச் சில்லை நானே ஓட்டுவேன். நன்றாக வரும். ஒருவருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. என் கையில்தான் வருகிறது என்ற பெயர் இன்னும் நிலைக்கும்.

மறுநாள் காலை பண்டாரி சார் அறையில் மீட்டிங். நாலு பேர்தான். அவர், ஜெயந்தி, யாமினி, நான். ஜெயந்தி பேசினாள். பாலத்தைத் தேவைக்கு மேல் அகலமாக எழுதிவிட்டேன், அதனால்தான் அடுக்குகள் ஏறவில்லை, கடைசிச் சில்லில் பாலத்தை எழுபது நானோமீட்டர் குறுக்கி எழுதப்போகிறேன், இன்றைக்கே எழுதி நாளைக்குத் தனத்திடம் கொடுத்துவிடுகிறேன் என்றாள். பண்டாரி சார் தலையாட்டினார்.

பாலத்தைக் குறுக்கி எழுதி, அதன்மேல் நான் நிஜமான முப்பது டிகிரியில் போட்டால் அடுக்குகள் தேவைக்கு இரண்டு மடங்கு ஏறிவிடும். ஜங்ஷன் உயிரோடு இருக்கும், ஆனால் அளவு தப்பிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அவர்களுடைய கருவி அளக்கக்கூடிய எல்லைக்குள் வராது. கடைசிச் சில்லும் போய்விடும். இந்த முறை என் கையாலேயே போகும்.

வேண்டுமென்றே இருபத்தேழில் ஓட்டிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் கணக்குப் போட்டேன். பாலம் எவ்வளவு குறுகும், ரெசிஸ்ட் எவ்வளவு உயரம், எதுவும் சோதித்துப் பார்த்ததில்லை. குருட்டாம்போக்கில் செய்ய வேண்டும். டப்பா யாமினியின் மடியில் இருந்தது.

பாலத்தை மாற்ற வேண்டாம் என்றேன்.

ஏன் என்று பண்டாரி சார் கேட்டார். பழைய அளவே சரி என்றேன். பழைய அளவில்தானே பன்னிரண்டும் செத்தது என்றார். ஜெயந்தி என் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் சந்தேகமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எனக்குப் புரியலீங்க தனம். நான் எழுதுனதுல தப்பில்லீன்னா, வேற எங்க தப்பு?"

சொன்னேன். மோட்டார், இருபத்தேழு, முப்பத்து மூன்று புள்ளி மூன்று, எட்டு மாதம், எல்லாம். ஹிந்தியில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன். யாமினிதான் பண்டாரி சாருக்கு மெதுவாக ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள், தன் சில்லு எப்படிச் செத்தது என்று.

அவர் லாக் புக்கை எடுத்துவரச் சொல்லி, எட்டு மாதப் பக்கங்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் என் கையெழுத்தில் முப்பது. கத்தவில்லை. இன்றைக்குள் எஸ்.ஓ.பி.யைத் திருத்தி எழுதுங்கள், எட்டு மாதமாகச் சில்லு கெட்டுப்போன யூசர்கள் எல்லோருக்கும் நீங்களே மெயில் அனுப்புங்கள் என்றார். மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். அந்த மற்றது என் சர்வீஸ் ஃபைலில் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை.

யாமினி என்னிடம் எப்போதும் ஹிந்தி கலந்துதான் பேசுவாள். அன்றைக்குச் சிரமப்பட்டு முழுக்கத் தமிழிலேயே கேட்டாள்.

"மூணு வருஷம் வேலை பண்ணேன் மேடம். ஏன் எழுதல நீங்க?"

என் பதிலுக்கு நிற்காமல், கடைசிச் சில்லை ஜெயந்தி ஆன்ட்டியே இரண்டு மெஷினிலும் ஓட்டட்டும் என்று பண்டாரி சாரிடம் கேட்டாள். அவர் சரி என்றார்.

காரிடாரில் ஜெயந்தி எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தவள் நின்றாள்.

"மறந்து போச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருப்பனே."

"மறக்கலை, ஜெயந்தி."

"அதான் கேக்கறேன். நான் கேட்டுல வந்து கேட்டப்பவும் மறக்கலீங்களா?"

"இல்லை."

அவள் போய்விட்டாள். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

6. கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

அன்று முழுக்க உட்கார்ந்து எஸ்.ஓ.பி. எழுதினேன். யூசர்களுக்கு மெயில் அனுப்பினேன். பதினான்கு பேர். ஒவ்வொரு பெயரை அடிக்கும்போதும் அந்த ஆள் தன் செத்த சில்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்து விழித்த முகம் நினைவுக்கு வந்தது. இவர்களில் நாலைந்து பேர் பிறகு என்னிடம் வந்து, "உங்க கையில்தான் வருது" என்று கும்பிட்டவர்கள்.

மறுநாள் பத்து மணிக்கு ஜெயந்தி என் மெஷினில் சில்லை ஏற்றினாள். எங்கள் கிளீன் ரூமுக்கும் காரிடாருக்கும் நடுவே பெரிய கண்ணாடி உண்டு, விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக வைத்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் நின்று என் மெஷினை நான் பார்த்ததே இல்லை. யாமினி உள்ளே ஜெயந்திக்குப் பக்கத்தில் நின்றாள். நான் எழுதிய தாள் ஜெயந்தி கையில் இருந்தது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, ஒவ்வொன்றாகச் செய்தாள்.

அப்போது என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். சில்லு நன்றாக வர வேண்டும் என்று மலை மந்திர் முருகனை வேண்டிக்கொண்டேன், நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். அதே மூச்சில், என் கை படாமலே நன்றாக வந்துவிடுமோ என்றும் பயமாக இருந்தது. வந்துவிட்டால் இனி என்னை யார் தேடுவார்கள்? ஒரே நெஞ்சுக்குள் இரண்டும் இருந்தன. ஒன்று இன்னொன்றைத் துரத்தவில்லை.

முதல் அடுக்கு போட்டாள். ஆக்ஸிஜன் விட்டாள். பத்து நிமிடம் கழித்து அதை வெளியேற்றினாள். இரண்டாவது சாய்வுக்கு வந்தபோது அவள் விரல் தாளில் ஒரு வரியில் நின்றது. திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, அதைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, ஐந்தாவது வரியைக் காட்டினாள்.

'மறுபக்கமும் அதேபோல்' என்று எழுதியிருந்தேன். எனக்குத் தெரியும் அது என்ன என்று. கோணத்துக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு அதே எண்ணை அடிக்க வேண்டும். மேடையைத் திருப்பிவைத்து அதே எண்ணை அடிப்பதாகவும் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். அதற்காகத் தொட்டியைத் திறந்தால் வெளிக்காற்று பட்டுச் சில்லு போய்விடும். வாசலில் இண்டர்காம் இருந்தது, அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. விரலால் காற்றில் ஒரு படுக்கைக் கோடு போட்டேன். பிறகு மூன்று விரல், மறுபடி மூன்று, ஒரு புள்ளி, மூன்று. அவள் தலையாட்டினாள். அதையே கையால் திருப்பிக் காட்டினாள். சரி என்றேன்.

அந்த அரை நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நான் இல்லாமல் ஆகவில்லை பார் என்று இருந்தது.

மத்தியானத்துக்குள் அசிட்டோனில் ஊறவைத்துத் தேவையற்ற உலோகத்தைக் கழற்றி, ப்ரோப் ஸ்டேஷனில் ஊசி வைத்து அளந்தார்கள். பன்னிரண்டில் பதினொன்று உயிரோடு இருந்தன, அளவும் சொன்னபடி இருந்தது. யாமினி ஜெயந்தியைக் கட்டிக்கொண்டாள். கிளீன் ரூம் உடுப்பில் இரண்டு வெள்ளை மூட்டைகள் கட்டிப்பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை தட்டினேன். உள்ளே கேட்காது. அவள் சில்லு அந்த வாரமே ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தது. என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அதில் தப்பும் இல்லை.

ஜெயந்தி உடுப்பைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். முகத்தில் கண்ணாடியும் மாஸ்க்கும் அழுத்திய தடம். தாளை என்னிடம் நீட்டினாள். முந்தின நாள் காரிடாரில் கேட்டதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இந்த அஞ்சாவது வரி, உங்களைய கேக்காம ஆரும் பண்ணமுடியாத மாதிரி இருக்குதுங்க. திருத்தி எழுதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "அது நான் வேணும்னு எழுதலை, ஜெயந்தி" என்றேன். அது உண்மை. முந்தின நாள் முழுக்க யோசித்து, எதையும் ஒளிக்காமல்தான் எழுதியிருந்தேன்.

"தெரியுமுங்க. அதனாலதான் சொல்றேன்" என்றாள்.

அன்றைக்கே உட்கார்ந்து திருத்தினேன். திருத்தியதை எவாப்பரேட்டரைப் பார்த்தே இராத ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எங்கெல்லாம் அவர் தலையைச் சொறிந்தாரோ அங்கெல்லாம் மறுபடி எழுதினேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பொறாமைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பொது இடத்தில் வேலை செய்தால் அது வரும். ஒருத்தி பெயர் அச்சில் வரும், உங்கள் பெயர் டீம் என்று வரும். நன்றாக வயிறெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அன்றன்றைக்குக் கண்டதை அன்றன்றைக்கே லாக் புக்கில் எழுதிவிட்டு, அப்புறம் எரிந்துகொள்ளுங்கள். மெஷினில் என்ன அடித்தீர்களோ அதை எழுதுங்கள். உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதினால் அதுவும் ஒளித்துவைத்ததுதான், வேண்டுமென்று செய்யாவிட்டாலும்.

ஜெயந்தி இப்போதும் சாப்பாட்டு மேசைக்கு வருகிறாள். எதிரில் உட்காருகிறாள், பக்கத்தில் உட்காருவதில்லை. 'நீங்க' என்றுதான் இன்னும் கூப்பிடுகிறாள். அது பழைய மரியாதையா, விலகி நிற்பதா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை.

அந்த ஐந்தாவது வரி இப்போது ஏழு வரியாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் என் மெஷினை ஓட்டுகிறார்கள், சில்லு நன்றாக வருகிறது, ஒருவரும் என்னிடம் வந்து எதுவும் கேட்பதில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது.